நேர்பாதையில் கார் ஏன் மூச்சு வாங்குகிறது? ஃபார்முலா 1 பேட்டரி: வாசகர் கேள்வி பதில்

டர்போ: 2026 கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போதே நேர்பாதையின் கடைசியில் வேகம் இறங்குகிறதே. பழுதா?

பழுதில்லை, எல்லாம் சார்ஜ் கணக்கு. எஞ்சின் தருவது ஏறக்குறைய 400 கிலோவாட், மின்மோட்டார் தருவது 350. 2025 வரை மோட்டாரின் பங்கு வெறும் 120. மோட்டார் மூன்று மடங்கு பெருத்துவிட்டது; பேட்டரியில் ஏற்றி இறக்க அனுமதித்த அளவோ அதே 4 மெகாஜூல். 4000 கிலோஜூலை 350-ஆல் வகுத்தால் 11.4 நொடி. பழைய மோட்டாருக்கு அதே அளவு 33 நொடி தாங்கியது.

வேகம் இறங்குவதற்குக் காரணம் பேட்டரி காலியாவது மட்டுமல்ல. எஞ்சின் முழு வீச்சில் ஓடும்போதே மோட்டார் டைனமோவாக மாறி, எஞ்சின் சக்தியில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. சூப்பர் கிளிப்பிங் என்பது இதுதான். அப்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு மினுக்கும். பின்னால் வருபவர் முழு சக்தியில் இருந்தால் இருவரின் வேக வித்தியாசம் ஆபத்தான அளவுக்குப் போகலாம். அந்த விளக்கு அவருக்கான எச்சரிக்கை.

ஞாயிறு ரசிகர்: பிரேக் பிடிக்கும்போதே முழுக்க நிரப்பிக்கொள்ளக் கூடாதா?

போதாது. ஒரு சுற்றில் அதிகபட்சம் 8.5 மெகாஜூல் சேகரிக்கலாம் என்பது விதி. 350 கிலோவாட்டில் அதற்கு 24 நொடி முழு பிரேக் வேண்டும். மோட்டார் பின்சக்கரங்களோடு மட்டுமே இணைந்திருப்பதால், அளவு மீறினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். இத்தாலியின் மோன்சா தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர்பாதைகளால் செலவு அதிகம், பிரேக் பிடிக்கும் இடங்களோ சில. வரவு குறைந்து செலவு கூடும் அப்படிப்பட்ட இடங்களில்தான் டிரைவர் வளைவுக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து உருள விடுகிறார்.

பிட்லேன்: டிஆர்எஸ் போய் ஓவர்டேக் மோட் வந்திருக்கிறது. என்ன வித்தியாசம்?

டிஆர்எஸ், காற்றின் தடை குறைய, துரத்துபவரின் பின் இறக்கையை மட்டும் திறந்தது. இப்போது குறிப்பிட்ட நேர்பாதைகளில் எல்லோருக்கும் இறக்கை திறக்கும். ஓவர்டேக் மோடில் துரத்துபவருக்குக் கிடைக்கும் சலுகை மின்சாரம். முன்னால் இருப்பவரின் மோட்டார் சக்தி 290 கி.மீ. வேகத்திலிருந்து சரியத் தொடங்கி 345-இல் பூஜ்யமாகும். ஒரு நொடி இடைவெளிக்குள் வந்தவருக்கு 337 வரை முழு 350 உண்டு, கூடவே 0.5 மெகாஜூல் கூடுதல் மின்சாரம். 320 கி.மீ. வேகத்தில் முன்னவருக்கு 200 கிலோவாட், பின்னவருக்கு 350. ஏறக்குறைய 200 குதிரைசக்தி வித்தியாசம்!

வளைவு 11: முந்தினவரை அடுத்த நேர்பாதையிலேயே மற்றவர் திரும்ப முந்துகிறார். இதெல்லாம் ஒரு பந்தயமா?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். முந்தியவர் கையிருப்பைக் கரைத்துவிட்டார், முந்தப்பட்டவர் மிச்சம் வைத்திருக்கிறார். அடுத்த நேர்பாதையில் கணக்குத் தீர்கிறது. இதை ஒரு டிரைவர் தெரிந்தே செய்தால், அதாவது எதிராளியை முதல் நேர்பாதையில் செலவழிக்க விட்டு அடுத்ததில் அடித்தால், அது அசல் திறமை. நான் ரசிப்பதும் அதைத்தான். மின்சாரத்தை எங்கே செலவிடுவது என்ற மென்பொருள் அட்டவணை இரண்டு கார்களிலும் வேறுவேறாக இருப்பதால் மட்டும் இடம் மாறினால் அதை முந்தல் என்று எண்ணிக்கையில் சேர்க்கவே மனம் வருவதில்லை.

பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: முந்திய நொடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வளைவைப் பாருங்கள். பின்னவர் அங்கே வேண்டுமென்றே இடைவெளி விட்டு, வெளியேறும்போது பாய்ந்தாரா? அப்படியானால் திட்டம் அவருடையது. மோதல் நடக்கும்போது இரு கார்களின் சார்ஜ் அளவையும் திரையில் விடாமல் காட்ட வேண்டும். அது தெரியாவிட்டால் சதுரங்கத்தில் பாதிக் காய்களை மறைத்துவிட்டு ஆட்டம் பார்ப்பது போலத்தான்.

போல் பொசிஷன்: குவாலிஃபையிங்கிலும் இந்தச் சேமிப்பா?

ஆமாம், என்னை வருத்துவதும் இதுதான். குவாலிஃபையிங் என்பது பந்தயத்தின் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு சுற்று, உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டியது. அதில் வேகமான வளைவுக்கு முன்னால் காலை எடுப்பவர் அதிக நேரம் மிச்சப்படுத்துகிறார் என்றால் துணிச்சலுக்கு விலை இல்லாமல் போகிறது. தடத்துக்கேற்ப சேகரிப்பு வரம்பைக் குறைக்க விதியில் இடமிருக்கிறது. வரம்பு குறைந்தால் சுற்று நேரம் கூடும், ஆனால் காலை எடுப்பதால் வரும் லாபமும் குறையும். நான் அந்தப் பக்கம்தான்.

கிரிட்: தொடக்கத்தில் எஞ்சினை இவ்வளவு நேரம் அலற விடுவது எதற்கு?

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவைச் சுழல வைத்திருந்த எம்ஜியு-எச் என்ற மின்மோட்டார் இப்போது இல்லை. எஞ்சின் புகைதான் டர்போவைச் சுழற்ற வேண்டும். சக்கரங்களை ஓட்டும் எம்ஜியு-கே மோட்டாரோ 50 கி.மீ. வேகம் வந்த பிறகே உதவிக்கு வரும். டர்போ விழித்திருக்காத கார் கோட்டிலேயே திணறும்.

மாண்ட்ரியல்: பந்தயத்தின் நடுவில் மோட்டார் செத்தால்?

2014 கனடா பந்தயத்தைப் பாருங்கள். இரண்டு மெர்சிடிஸ் கார்களிலும் எம்ஜியு-கே சூட்டில் செயலிழந்தது. ஏறக்குறைய 160 குதிரைசக்தி போனது ஒரு பக்கம். மோட்டார் இழுத்துப் பிடிக்காததால் வேகத்தை அடக்கும் முழுச் சுமையும் பின் பிரேக்குகள்மீது விழுந்தது இன்னொரு பக்கம். ஹாமில்டனின் பிரேக் தாங்காமல் அவர் விலகினார். ரோஸ்பெர்க் பிரேக்கைப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தி இரண்டாவதாக வந்தார். ரெட் புல் அணியின் ரிக்கார்டோ தன் முதல் வெற்றியைப் பெற்றார்.