போருக்குப் பிந்திய பாராளுமன்றம்: கிழக்கு வாசகர்களின் கேள்விகள்

2010 ஏப்ரல் 22 இல் கூடி, 2015 ஜூன் 26 இல் கலைக்கப்பட்ட இலங்கையின் ஏழாவது பாராளுமன்றத்தைப் பற்றித்தான் இந்தமுறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாதிப்பேர் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள். மீதிப்பேருக்கு அன்று போட்ட வாக்கின் கோபம் இன்னும் ஆறவில்லை.

2010 இல் மட்டக்களப்பில் வீட்டுக்கும் (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு) வெற்றிலைக்கும் (ஆளும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) நாலாயிரத்துச் சொச்சம் வாக்குத்தான் வித்தியாசம். பிறகெப்படி மூன்றுக்கு ஒன்று என்று ஆசனம் போனது? (மாணவர், களுவாஞ்சிக்குடி)

கொப்பியை எடுங்கள் தம்பி, கணக்காகவே பார்ப்போம். வீடு 66,235. வெற்றிலை 62,009. முஸ்லிம் காங்கிரசும் சேர்ந்து கேட்ட, ஐக்கிய தேசியக் கட்சியின் யானை 22,935. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகு 16,886. ஐந்து சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்குகளை முதலில் கழித்துவிடுவார்கள். இந்த நாலையும் கூட்டினால் 168,065 வரும்.

மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம். கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்று போனஸ். அது வீட்டுக்குப் போனது. மிச்சம் நாலு. 168,065 ஐ நாலால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 42,016. வீட்டுக்கு முழுசாய் ஒன்று, வெற்றிலைக்கு முழுசாய் ஒன்று. இன்னும் இரண்டு ஆசனம் கிடக்கிறது. அதற்கு மிச்ச வாக்கைப் பார்க்க வேண்டும்: வீடு 24,219, யானை 22,935, வெற்றிலை 19,993, படகு 16,886. முதல் இருவரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். வீடு 3, வெற்றிலை 1, யானை 1.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்போது மாகாண முதலமைச்சர் படகுக்காரர், கொழும்பில் வெற்றிலைக்கு நண்பர். இரண்டு கட்சியும் ஒரே பட்டியலில் கேட்டு, அதே வாக்குகள் அப்படியே விழுந்திருந்தால் போனஸ் கைமாறியிருக்கும். போட்டுப் பாருங்கள்: வெற்றிலை 3, வீடு 2, யானைக்கு ஒன்றுமில்லை. வாக்காளர் அப்படியே கூடவந்திருப்பாரா என்பது வேறு கதை. ஆனால் தனித்துக் கேட்பதா, சேர்ந்து கேட்பதா என்று வேட்புமனு நாளுக்கு முன் கட்சிகள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

நாங்கள் வீட்டுக்குப் போட்டோம், வென்றவர் அரசுப் பக்கம் போனார். ஆசனம் ஏன் பறிபோகவில்லை? (வாசகி, ஆலையடிவேம்பு)

உங்கள் திகாமடுல்லவின் (அம்பாறை மாவட்டம்) ஏழு ஆசனங்களில் வெற்றிலைக்கு 4, யானைக்கு 2, வீட்டுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் வந்த பியசேன, சில மாதங்களிலேயே, ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கையுயர்த்தி அரசுடன் சேர்ந்துகொண்டார். உங்கள் கோபம் நியாயமானது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கட்சியால் நீக்கப்பட்டவரின் ஆசனம் ஒரு மாதத்தில் வெறிதாகும் என்று அரசியலமைப்பின் 99(13) சொல்கிறது. அதே உறுப்புரை, அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவும் இடம் கொடுக்கிறது. விசாரணை முறையாக நடந்ததா, அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்களா என்று நீதிமன்றம் துருவிப் பார்க்கும். கட்சிகள் பெரும்பாலும் சறுக்குவது அந்த இடத்தில்தான். அதனால்தான் தாவுகிறவர்களுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

தேர்தலில் அரசுக்குக் கிடைத்தது 144. பிறகு 161 எங்கிருந்து வந்தது? (கல்முனை வாசகர்)

225 பேர் சபையில் மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும், ஆறு குறைவு. யானையில் வென்ற முஸ்லிம் காங்கிரசின் எட்டுப் பேர் ஆதரித்ததும் அந்தக் குறை தீர்ந்துவிட்டது, தாவியவர்கள் மேலதிகம். 18 ஆவது திருத்தம் 2010 செப்டெம்பர் 8 இல் 161 க்கு 17 என்று நிறைவேறியது. ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

அதாவது மூன்றில் இரண்டை மக்கள் கொடுக்கவில்லை, தேர்தலுக்குப் பிறகு திரட்டினார்கள். அதற்குக் கிழக்கின் வாக்குகளும் உதவின. யுத்தம் முடிந்து பதினாறு மாதம். காணி, காணாமல் போனவர், மீள்குடியேற்றம் என்று வேலை மலையாய்க் கிடந்தது. அவசர சட்டமூலமாகக் கொண்டுவந்து நிறைவேற்றியதோ, ஒருவர் இரண்டு தடவைக்கு மேலும் ஜனாதிபதியாகலாம் என்பதை. உயர் பதவி நியமனங்களுக்கான அரசியலமைப்புப் பேரவையும் போய், கருத்துச் சொல்ல மட்டும் அதிகாரமுள்ள ஒரு பாராளுமன்றப் பேரவை வந்தது. என்னைக் கேட்டால், அந்தச் சபையின் பெயர் கெட்டது அன்றைக்குத்தான்.

ஆறு வருடச் சபை ஐந்திலேயே முடிந்தது ஏன்? (காத்தான்குடி)

முழுக்காலம் ஓடியிருந்தால் 2016 ஏப்ரல் வரை போயிருக்கும். ஜனாதிபதி சிறிசேன முன்கூட்டியே கலைத்தார், அவ்வளவுதான். ஐந்து வருடம் என்ற எல்லை 19 ஆவது திருத்தத்தோடு வந்தது. 18 ஐ ஆதரித்த அதே சபை, 2015 ஏப்ரல் 28 இல் இதை 212 வாக்குகளால் நிறைவேற்றியது! எதிர்த்தவர் ஒரே ஒருவர், திகாமடுல்லவின் சரத் வீரசேகர. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அன்று மனதில் பட்டதற்கே வாக்களித்தார் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவசரகாலச் சட்டம் யுத்தத்தோடு முடியவில்லையா? (வாழைச்சேனை)

இல்லை. மாதாமாதம் சபையில் வாக்கெடுத்து நீடித்தார்கள். 2011 ஓகஸ்டில்தான் கைவிட்டார்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. பிள்ளை தடுப்பில் இருந்த தாய்க்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

எங்கள் பா.உ. (பாராளுமன்ற உறுப்பினர்) கோயிலுக்குக் கதிரை கொடுத்தது தெரியும். சபையில் என்ன செய்தார் என்று எப்படிப் பார்ப்பது? (திருக்கோவில்)

கதிரை பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வந்திருக்கும். அவர் சிபாரிசு மட்டும்தான் செய்கிறார், பணம் அரசாங்கத்தினுடையது. முதுகில் அவர் பெயர் எழுதியிருப்பதைப் பெரிதாய் எடுக்காதீர்கள். சபையில் செய்ததைப் பார்க்க ஹன்சாட் இருக்கிறது, அதாவது சபைப் பேச்சுகளின் பதிவேடு. பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதிவாரியாக எடுக்கலாம். தமிழில் பேசினால் தமிழிலேயே அச்சாகும். மேலே சொன்ன இரண்டு வாக்கெடுப்பு நாட்களையும் முதலில் பாருங்கள். பிறகு, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை 155 க்கு 49 என்று நிறைவேறிய 2013 ஜனவரி 11. பேச்சை விடுங்கள், வாக்களித்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தேடி வாசியுங்கள்.