தைராய்டு குறைவும் ராத்திரியில் மரத்துப்போகும் கையும்

கேள்வி: எனக்கு 46 வயது, தையல் வேலை. 6 வருடங்களாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் காபியோடு போட்டுக்கொள்வேன். கடைசியாக ரத்தம் பார்த்து ஒன்றரை வருடம் இருக்கும். 3 மாதமாக நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது. டாக்டர் மணிக்கட்டுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். வயிற்றுக்கு எடுக்கிற ஸ்கேன் கைக்கு எதற்கு? தைராய்டுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இருக்கிறது அம்மா. உள்ளங்கை தொடங்கும் இடத்தில், எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு பட்டைக்கும் நடுவே குறுகலான பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தைராய்டு சுரப்பு குறையும்போது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைப் பசைப்பொருள் உடம்பின் திசுக்களில் சேர்கிறது. முகம் உப்பலாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். அதே வீக்கம் இந்தப் பாதைக்குள் வந்தால் நசுங்குவது நரம்புதான். இதைத்தான் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறோம். தூக்கத்தில் மணிக்கட்டு நம்மை அறியாமல் மடங்கிக்கொள்வதால் அழுத்தம் கூடி, ராத்திரியில் எழுப்பிவிடுகிறது. நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்குத் தொந்தரவு இன்னும் கொஞ்சம் அதிகம்.

ஒன்று கவனித்துச் சொல்லுங்கள்: சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவைதான் மீடியன் நரம்பின் எல்லை. சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால், அல்லது கழுத்திலிருந்து வலி இறங்கினால், வேறு காரணமும் தேட வேண்டும்.

இனி ஸ்கேன். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வெறும் வயிற்றோடு போக வேண்டியதும் இல்லை. கையை மல்லாத்தி வைத்து, ஜெல் தடவி, சிறிய கருவியை மணிக்கட்டின் மேல் வைப்பார்கள். குறுக்குவெட்டில் மீடியன் நரம்பு ஒரு குட்டித் தேன்கூடு மாதிரி தெரியும். விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள். தசைநாண்கள் சரசரவென்று ஓடும், நரம்பு அவ்வளவாக நகராது. சுண்டுவிரல் பக்கம் பட்டாணி போலக் கைக்குத் தட்டுப்படுகிறதே, அந்த எலும்பின் மட்டத்தில் நரம்பின் பரப்பை அளப்பார்கள். சுமார் 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம். நசுங்கிய நரம்பு, நெருக்கடிக்குச் சற்று முன்னால் வீங்கி நிற்பதால்தான் இந்தக் கணக்கு. ஆனால், தைராய்டு குறைவு உள்ள சிலருக்குத் தொந்தரவே இல்லாமலும் நரம்பு கொஞ்சம் பருத்திருக்கும். அதனால் அதே நரம்பை முன்கையிலும் அளந்து ஒப்பிடச் சொல்வேன். மணிக்கட்டில் 2 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. நீர்க்கட்டி, தசைநாண் உறை வீக்கம், பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த நரம்பு இதெல்லாமும் இதிலேயே தெரிந்துவிடும். தைராய்டு இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

நரம்பு எப்படி இருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும், எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்க்கும் நரம்புச் சோதனை இருக்கிறது. எல்லோருக்கும் தேவைப்படாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஸ்கேனை விடக் கவலை தந்தது காபிதான். காபி மாத்திரையை உடம்பில் சரியாக ஏற விடாது. எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளி. மாத்திரையின் அளவு போதுமா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடியும். சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு கட்டுக்குள் வந்தாலே பலருக்குக் கை மரப்பு குறைகிறது, ஆனால் அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் போட்டுத் தூங்குங்கள். அதிலும் அடங்காவிட்டால், ஸ்கேனில் பார்த்தபடியே மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம்.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரலின் அடிச்சதை மேடு இடதை விட வற்றித் தெரிந்தாலோ, ஊசியும் பட்டனும் கை நழுவினாலோ, மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போது அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் உடனே கேட்டுவிடுவது நல்லது.