காற்று வந்தால் போட்டி, வராவிட்டால் மூட்டை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் விண்ட்சர்ஃபிங் பற்றி, அதாவது பலகை மேல் பாய் கட்டிக் கடலில் சீறிக்கொண்டு போகிற அந்த விளையாட்டின் உலகச் சுற்றுப் போட்டிகளைப் பற்றி, ஒரு பக்கம் எழுதியிருந்தோம். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டு, இடம் இருக்கிற வரைக்கும் பதில்.

எம்.ஆர்., ஈரோடு: "தொழில்முறைக் குழு" என்று எழுதியிருந்தீர்கள். பலகையில் நிற்பது ஒரே ஆள்தானே, குழு எங்கிருந்து வந்தது?

தண்ணீரில் குழு கிடையாது. ஒரே கம்பெனியின் பாயைப் பிடித்த இரண்டு பேர் ஒரே சுற்றில் மாட்டினால் ஒருவருக்கொருவர் வழி விடமாட்டார்கள், பட்டம் தனி ஆளுக்குத்தான். குழு என்பதெல்லாம் கரையில். ஸ்டார்போர்டு, செவர்ன், நீல்பிரைட், டுவோடோன், பாயின்ட்-7 மாதிரி பாயோ பலகையோ செய்யும் கம்பெனிகள் ஆள் எடுத்து வைத்திருக்கின்றன. அவர்கள் ஒரே வேனில் போய், வாடகை வீட்டில் ஒன்றாகத் தங்கி, முறை வைத்துச் சமைத்து, கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில் பாய் கட்டுவார்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? ஸ்லாலம் எனப்படும் வேகப் பந்தயத்தில், கடைக்கு விற்பனைக்கு வரும் பலகையில்தான் போட்டியிட வேண்டும் என்பது விதி. உலக சாம்பியன் ஓட்டியதையே நீங்களும் காசு கொடுத்து வாங்கலாம். அதனால் வீரர் என்பவர் பாதி நேரம் விளையாட்டுக்காரர், மீதி நேரம் கம்பெனியின் சோதனைச்சாலை. போட்டி இல்லாத மாதங்களில் டெனெரீஃப், மாவி போன்ற காற்று நிற்காத தீவுகளில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஓட்டுவார்கள். ஒருவருடைய பாயில் மட்டும் ஏதோ ஒன்றை மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். அப்புறம் பாயை மாற்றிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை. வேகம் கூடியது பாயாலா ஆளாலா என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. சாயங்காலம் டிசைனரோடு உட்கார்ந்து, "கையில் கனக்கிறது", "திரும்பும்போது இழுக்கிறது" என்று சொல்ல வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தும் இதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் உண்டு. கம்பெனிகள் தேடுவது இரண்டும் தெரிந்தவரை.

ஒரு வேடிக்கை: கடலில் முட்டி மோதுகிற பல கம்பெனிகளின் பலகைகள் தாய்லாந்தில் சொன்புரி பக்கம் உள்ள கோப்ரா என்ற ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன.

கே.வி., நாகர்கோவில்: பலகையையும் பாய்மரத்தையும் விமானத்தில் எப்படிக் கொண்டு போகிறார்கள்?

இந்த வாழ்க்கையின் பெரிய தலைவலியே இதுதான். ஸ்லாலம் வீரர் ஒரே பலகையோடு கிளம்ப முடியாது. காற்று அடிக்கிற அளவைப் பொறுத்துப் பெரிய பலகை, நடுத்தரம், சின்னது, அதற்கேற்ற பாய்கள் என்று வேண்டும். பாயின் பரப்பு ஐந்து சதுர மீட்டரிலிருந்து ஒன்பதைத் தாண்டும் வரைக்கும் போகும். ஒவ்வொரு பாய்க்கும் பொருந்துகிற நீளத்தில் மரம். மரம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது கார்பன் குழாய். 4.3 மீட்டர், 4.6 மீட்டர், 4.9 மீட்டர் என்று வரும். இரண்டு துண்டாகக் கழற்றினாலும் ஒவ்வொன்றும் ஆளை விட உயரம். கைப்பிடி வளையங்களும், பலகைக்கு அடியில் மாட்டும் ஃபின்களும் தனி. எல்லாம் சேர்ந்து ஒரு ஆளுக்கு 100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

விமான நிலையத்தில் ஒரு பையில் 32 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். அதனால் கிளம்புகிற முதல் நாள் ராத்திரி பூராவும் எடை பார்க்கிற வேலைதான். பலகையின் மூக்கும் விளிம்பும்தான் முதலில் உடையும் என்பதால் நீச்சல் உடைகளையும் துண்டுகளையும் அங்கே சுற்றித் திணிப்பார்கள். ஃபின்னைக் காலுறைக்குள் போட்டு உடுப்புகளுக்கு நடுவே செருகுவார்கள். இவ்வளவும் செய்து கவுண்டருக்குப் போனால், அங்கே இருப்பவர் நாடாவை எடுத்து நீளத்தை அளந்துவிட்டு, "இது இந்த விமானத்தில் ஏறாது" என்பார். கூடுதல் சுமைக் கட்டணம் சில சமயம் ஆளுக்கான டிக்கெட்டை விட அதிகமாக வந்து நிற்கும்.

ஐரோப்பாவுக்குள் நடக்கும் போட்டிகளுக்கு வேன்தான் உத்தமம். ஸ்பெயினின் தென் கோடியில் காடிஸ் துறைமுகம் வரைக்கும் வேனை ஓட்டிப் போய், கப்பலில் ஏற்றி, ஒரு நாளுக்கு மேல் கடலில் ஆடிக்கொண்டே போனால் கேனரித் தீவுகள். வேனிலேயே படுத்து, அதிலேயே ஈர உடை காயவைத்து ஒரு சீசனை ஓட்டிவிடுகிற இளசுகள் நிறையப் பேர். அந்த வேனுக்குள் என்ன வாசனை அடிக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

எஸ்.பி., மதுரை: ஒரு பந்தயம் எவ்வளவு நேரம் நடக்கும்?

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஸ்லாலத்தில் மூன்று நாலு நிமிடம், அவ்வளவுதான். வழக்கமாக எட்டுப் பேர் ஒன்றாகப் புறப்படுவார்கள், மிதவைகளைச் சுற்றிக் காற்றோடு இறங்கி வருவார்கள், முதல் நாலு பேர் அடுத்த சுற்றுக்கு.

அதில் பாதி விவகாரம் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. கடிகாரம் பின்னோக்கி ஓடும்போதே பின்னாலிருந்து வேகம் எடுத்து, பூஜ்யம் ஆகிற கணத்தில் முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் முன்னால் போகிறவர்களின் பாய் கலக்கிவிட்ட காற்றில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு நொடி முந்தினால் அந்தச் சுற்றிலிருந்தே வெளியே. உலகத்தின் பாதியைச் சுற்றி 100 கிலோ மூட்டையைக் கொண்டுவந்து, ஒரு நொடி முந்தியதற்காகக் கரையேறி நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த நாலு நிமிடத்துக்கு முன்னால் பாய் கட்டுகிற கூத்து இருக்கிறது. மரத்தைப் பாயின் உறைக்குள் விட்டு, அடியில் இருக்கும் கயிற்றைச் சின்னச் சின்னக் கப்பிகள் வழியாகக் கோத்து, காலால் மரத்தின் அடியை உதைத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பு எடையெல்லாம் போட்டு இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பாயின் மேல்பகுதி விளிம்பு தொளதொளத்துப் போகும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பாய் கெட்டுப்போன மாதிரித் தெரியும். ஆனால் அந்தத் தொளதொளப்புதான் திடீரென்று வீசும் காற்றை மேலே திறந்து விட்டு, ஆளைத் தூக்கி எறியாமல் காப்பாற்றுகிறது. கயிறு ஒரு சென்டிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ வேறு பாய். கரையில் நின்று காற்றைப் பார்ப்பதும், போய் அவிழ்த்து மறுபடி இழுப்பதுமாக இருப்பார்கள்.

ஆர்.டி., திருச்சி: போட்டி நாளில் காற்றே வரவில்லை என்றால்?

காத்திருக்க வேண்டியதுதான். காலையில் எல்லோரையும் கூட்டி அன்றைய திட்டத்தையும், எத்தனை மணிக்கு முன்னால் தொடங்கமாட்டார்கள் என்பதையும் சொல்வார்கள். அந்த நேரம் வரும், காற்று வராது. ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் இன்னொரு மணி நேரம். எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்பதால் ஊர் சுற்றவும் முடியாது, வயிறு நிறையச் சாப்பிடவும் முடியாது. சிலர் சீட்டாடுவார்கள், சிலர் தூங்குவார்கள், சிலர் செல்போனில் வானிலைப் படத்தைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாரம் முழுக்க இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய போட்டிகளும் நடந்திருக்கின்றன.

அதனால்தான் காற்று பொய்க்காத இடங்களாகப் பார்த்துச் சுற்றை அமைக்கிறார்கள். கேனரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவில் போஸோ இஸ்கியர்தோ என்ற சின்ன ஊர் ஒன்று இருக்கிறது. கோடையில் வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று தீவின் மலைகளில் முட்டி, வழி இல்லாமல் ஓரமாக ஒதுங்கி, நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுக்கும் இடம் அது. ஜூலையில் 40 நாட் வேகமெல்லாம் அங்கே சகஜம், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர். நம் ஊரில் அந்த வேகத்துக்குத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்பார்கள். அங்கே அந்தக் காற்றில்தான் பாயைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். கரையும் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். கால் வைக்கத் தெரியாதவருக்குக் கடலுக்குப் போகும் முன்பே காயம் நிச்சயம்.

காற்று வராவிட்டால் காற்றைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1990இல் பாரிஸின் பெர்சி உள்ளரங்கில் பெரிய தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, ஒரு பக்கம் ராட்சத மின்விசிறிகளை வரிசையாக வைத்துப் போட்டி நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. மின்சாரக் கட்டணம் யார் தலையில் விழுந்ததோ! இப்போது பலகைக்கு அடியில் இறக்கை மாதிரி மாட்டி, பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும் ஃபாயில் வந்த பிறகு, முன்பெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லும் மெல்லிய காற்றிலும் பந்தயம் நடத்த முடிகிறது.

ஜே.எல்., கோவை: இவர்களுக்கு வருமானம் எப்படி? டென்னிஸ் மாதிரி கோடிக்கணக்கிலா?

ஐயோ, இல்லை. 2024 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போனவருக்கு 60,000 பவுண்டு கொடுத்தார்கள். விண்ட்சர்ஃபிங்கில் ஒரு போட்டியின் மொத்தப் பரிசுத் தொகையே பல சமயம் சில பத்தாயிரம் யூரோ, அதையும் பலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முன்னணியில் இருக்கும் கொஞ்சப் பேருக்குக் கம்பெனி சம்பளமும் பயணச் செலவும் தரும். அடுத்த வரிசைக்கு இலவசப் பாயும் பலகையும். அதற்கும் அடுத்தவர்களுக்குத் தள்ளுபடி விலை, அவ்வளவுதான். ஆகவே மிச்ச நாளில் பயிற்சி வகுப்பு எடுப்பார்கள், வீடியோ போடுவார்கள், கடையில் வேலை பார்ப்பார்கள். ஊர் பேர் தெரிந்த வீரர்கள்கூட சீசன் முடிந்ததும் பழைய பாய்களை விற்றுத்தான் அடுத்த டிக்கெட் போடுகிறார்கள். கூட்டமே வருவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் சில்ட் தீவில் இலையுதிர் காலக் குளிரில் நடக்கும் போட்டிக்குக் கடற்கரை கொள்ளாத சனம் வரும். வருகிற கூட்டம் டிக்கெட் வாங்காமல் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது என்பதுதான் சிக்கல்.

பி.கே., சேலம்: இதில் எல்லாரையும் விடப் பெரிய ஆள் யார்?

சண்டை மூட்டிவிடப் பார்க்கிறீர்கள். அமெரிக்கர் ராபி நெய்ஷ் 1976இல் 13 வயதில் உலகப் பட்டம் வென்றவர். கிரான் கனாரியாவில் வளர்ந்த பியோர்ன் டுங்கர்பெக் 1988 முதல் 1999 வரை தொடர்ந்து 12 ஆண்டுகள் ஒட்டுமொத்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்ஸின் அந்துவான் அல்போ 25 உலகப் பட்டங்கள் சேர்த்தவர், 2015இல் நமீபியாவின் லூடெரிட்ஸில் 53.27 நாட் வேகம் போனவர். என் ஓட்டு டுங்கர்பெக்குக்கு. அலை மேல் ஏறி வித்தை காட்டும் அலைப் பிரிவு, ஸ்லாலம் என்று எல்லாப் பிரிவிலும் ஒரே சமயத்தில் ஜெயித்த காலம் அது. இப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி உடம்பே வேண்டியிருக்கிறது. ஸ்லாலத்தில் 100 கிலோ ஆள் ராஜா. அலைப் பிரிவில் 2014இல் பட்டம் வென்ற தொமா திரவெர்ஸா சிறிய உடம்புக்காரர்.

வி.எஸ்., தஞ்சாவூர்: பெண்கள் உண்டா?

தாராளமாக. கிரான் கனாரியாவின் இரட்டைச் சகோதரிகள் தாய்தா, இபாயா ருவானோ மொரேனோ இருவரும் சேர்ந்து 20க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பல ஆண்டுகள் இறுதிப் போட்டியே அக்கா தங்கை சண்டைதான். அரூபா தீவின் சாரா-கீட்டா ஆஃப்ரிங்காவின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். ஃப்ரீஸ்டைல் எனப்படும் வித்தைப் பிரிவில் பாயைத் தலைகீழாகச் சுழற்றுவதை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தும் எந்தக் கை எங்கே போனது என்று பிடிபடவில்லை.

ஏ.எம்., தூத்துக்குடி: எங்கள் ஊரில் கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. என் மகனுக்கு 14 வயது, இதில் சேர்க்கலாமா?

காற்று இருக்கிறது, சந்தேகமில்லை. ராமேஸ்வரம் பக்கம் கைட்சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் போவதை, கற்றுத்தரும் இடங்கள் வந்ததே அந்தக் காற்றை நம்பித்தான். இல்லாதது கடையும் கருவியும். ஆனால் நான் மேலே எழுதிய கம்பெனிச் சுற்றை முதலிலேயே மனதில் வைக்காதீர்கள். ஒலிம்பிக் வழி வேறு. அங்கே ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகைப் பலகை, பாய். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது ஐக்யூஃபாயில். அதற்கு முந்தைய ஆர்.எஸ்.எக்ஸ். வகையில் நம் ஈபாத் அலி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். பையன் முதலில் நன்றாக நீந்தட்டும். குளத்து நீச்சல் போதாது, கடலில். அப்புறம் பாய்ப்படகு. சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். பலகை வாங்கித் தருகிறேன் என்று மட்டும் இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றில் நிற்காது.