குளிரா புத்தகம் எழுதுகிறது?

கேள்வி: நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்தில் திரும்பிய பக்கமெல்லாம் எழுத்தாளர்களாமே! வெளியே தலைகாட்ட முடியாத குளிர், படிப்பதை விட்டால் வேறு வேலை இல்லை என்பதுதானே காரணம்? அங்கே விளையாட்டு உட்பட எல்லாமே இயற்கைக்கு உகந்த முறையில் நடக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். என் பிள்ளைகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத ஒரு விளையாட்டில் சேர்க்க வேண்டும். எதைச் சொல்வீர்கள்?

பதில்: குளிர்தான் காரணம் என்றால் துருவத்தை ஒட்டிய ஊரெல்லாம் இலக்கியத் தலைநகரமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. ஐஸ்லாந்துக்காரர்களைப் படிக்க வைத்தது தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்துவந்த ஏற்பாடு. அதைப் பனியின் கணக்கில் எழுதினால், பாடுபட்டவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஃப்ளாத்தேயார்போக் என்ற சுவடியைப் பாருங்கள். பெரிய அளவுச் சுவடி. ஒரு கன்றின் தோலை மடித்தால் இரண்டு ஏடுதான் தேறும். இன்றைக்கு எஞ்சியிருக்கும் 225 ஏடுகளுக்கு 113 கன்றுகள் வேண்டியிருந்தன. கால்நடையே சொத்தாக இருந்த தீவில் 113 கன்றுத் தோலைக் கதைகளுக்குக் கொடுப்பது பொழுதுபோகாதவர்கள் செய்கிற காரியமா?

பிறகு வறுமை வந்தது. 1703-இல் எடுத்த கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 50 ஆயிரத்துச் சொச்சம்தான். அந்தக் கணக்கை எடுத்த இருவரில் ஒருவர் ஆர்னி மாக்னூசன். நம் உ.வே.சா. போல இவரும் வீடு வீடாகச் சுவடி தேடியவர். சட்டை தைப்பதற்கு மாதிரியாகக் கத்தரித்த ஏடு, பிஷப்பின் தொப்பி விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைத்த ஏடு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். 1728-இல் அந்த நகரம் தீப்பிடித்து எரிந்தபோது அச்சு நூல்களில் பெரும்பகுதி போயிற்று. சுவடிகளில் பெரும்பகுதி தப்பின. முதல் இரண்டு சுவடிகள் டென்மார்க்கிலிருந்து ஊர் திரும்பியது 1971 ஏப்ரல் 21-ஆம் தேதி. ஃப்ளாத்தேயார்போக் அவற்றில் ஒன்று.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வீட்டுக்குள் நடந்தது. குளிர்கால மாலையில் பண்ணை வீட்டின் ஒரே பொது அறையில் எல்லோரும் கூடுவார்கள். மீனெண்ணெய் விளக்கு ஒன்று. ஒருவர் சத்தம் போட்டு வாசிப்பார்; மற்றவர்கள் கம்பளி சிக்கெடுப்பார்கள், நூல் நூற்பார்கள், பின்னுவார்கள். க்வோல்ட்வாக்கா என்று இதற்குப் பெயர். ஒரு புத்தகம், ஒரு விளக்கு, பத்துக் காது. கை வேலையும் நிற்கவில்லை. 1740-களில் இதற்கு அரசாணையின் பலமும் சேர்ந்தது: பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது வீட்டின் கடமை, பாதிரியார் நேரில் வந்து சோதித்துப் பதிவேட்டில் குறிப்பார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே எழுத்தறிவு பரவிவிட்டது இப்படித்தான்.

இன்றைய நிலையும் தானாக வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. காகிதத்துக்கு மட்டும் கெடுபிடி குறைவு. அதனால் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் புத்தகம் என்று ஆனது. புதுப் புத்தகங்கள் இலையுதிர் காலத்தில் மொத்தமாக வந்து விழும். யோலபோக்காஃப்ளோத், அதாவது கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம் என்றே அதற்குப் பெயர். இதில் ஒரு கோளாறும் உண்டு. ஆண்டு வியாபாரம் கடைசி இரண்டு மாதத்தில் குவிவதால், அந்த வெள்ளத்தில் கண்ணில் படாத நல்ல புத்தகம் ஜனவரியில் ஓரம்கட்டப்படும். ஆயிரம் பிரதி விற்று எவரும் பிழைக்க முடியாது. ஆகவே எழுத்தாளர்களுக்கு மாதக் கணக்கில் அரசு உதவித்தொகை தருகிறது. ஐஸ்லாந்து மொழியில் வெளியாகும் புத்தகத்தின் தயாரிப்புச் செலவில் 25 சதவீதத்தைப் பதிப்பாளருக்குத் திருப்பித் தரும் சட்டம் 2019 முதல் இருக்கிறது. 1955-இல் நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னஸ், 2011-இல் தலைநகர் ரேக்யவிக்குக்குக் கிடைத்த யுனெஸ்கோ இலக்கிய நகரப் பட்டம் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். அந்த 25 சதவீதத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிது.

விளையாட்டுக்கு வருவோம். எல்லாமே இயற்கைக்கு உகந்தது என்பது மிகை. அங்கேயும் கால்பந்துக்குச் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு விளையாட்டுகளில் அவர்கள் செய்திருப்பது கவனிக்க வேண்டியது. இரண்டுக்கும் அவர்கள் இலக்கியத்தோடு சொந்தமும் உண்டு.

முதலாவது நீச்சல். டிராங்கே தீவில் ஒளிந்திருந்த கிரெட்டிர் என்ற பழங்கதை நாயகன், அணைந்த நெருப்பை மீண்டும் கொண்டுவரக் கடலில் நீந்திக் கரையேறி, வெந்நீர் ஊற்றில் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறான். ஏறத்தாழ 7 கிலோமீட்டர். பூமிச் சூட்டில் தானாகக் கொதிக்கும் அதே நீர்தான் இன்று ஊருக்கு ஊர் பொது நீச்சல் குளத்தைச் சூடாக்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கட்டாயம் என்று 1940-லேயே சட்டம் போட்டார்கள். குளத்தில் இறங்கும் முன் நீச்சலுடையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்தே ஆக வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகிறது. கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதனால்தான். பிசுக்கு குறைந்தால் குளோரின் குறைவு, மாற்ற வேண்டிய தண்ணீரும் குறைவு.

இரண்டாவது க்லீமா என்ற மல்யுத்தம். இடுப்பில் ஒரு தோல் வார், இரு தொடையிலும் ஒவ்வொன்று. எதிராளியின் வாரைப் பிடித்தபடி, நிமிர்ந்து நின்று, கால் மாற்றி மாற்றி நகர்ந்துகொண்டே வீழ்த்த வேண்டும். வேண்டியது மூன்று வாரும் ஒரு தரையும்தான். 1906 முதல் நடக்கும் தேசியப் போட்டியின் பரிசுக்கு ‘கிரெட்டிர் கச்சை’ என்று பெயர்.

உங்கள் பிள்ளைகள் விஷயம். விளையாட்டின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் தூரத்தைப் பாருங்கள். மைதானம் வீட்டிலிருந்து 15 கிலோமீட்டர், வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்று வையுங்கள். போக வர 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 200 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ வீதம் 460 கிலோ கரியமில வாயு. ஒரு ஜோடி ஓட்டக் காலணி செய்ய ஏறக்குறைய 14 கிலோ என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013-இல் கணக்கிட்டார்கள். அதாவது ஒரு வருஷக் கார் சவாரி 33 ஜோடிக் காலணிக்குச் சமம். காட்டில் நடப்பது எவ்வளவு பசுமையான விளையாட்டானாலும், அந்தக் காட்டுக்குக் காரில் போனால் கணக்கு இதுதான். ஆகவே பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ தாங்களே போய்வரும் தொலைவில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். தேர்வு அந்தப் பட்டியலுக்குள்தான்.

அடுத்து, தரை. செயற்கைப் புல் என்றால் இழைகளுக்கு நடுவே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய டயரை அரைத்த ரப்பர்த் துகள் என்றால் அது காலணியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு, மழைநீரோடு வடிகாலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் துகளின் விற்பனையை 2031 அக்டோபர் முதல் தடை செய்கிறது. மணலோ தக்கையோ நிரப்பியதென்றால் பரவாயில்லை. மண் தரை இன்னும் நல்லது. சூடேற்றிய குளமென்றால் இரவில் மூடி போடுகிறார்களா என்று பாருங்கள். வெப்பம் பெரும்பாலும் நீர் ஆவியாவதில்தான் போகிறது.

கடைசியாக, தேயும் பொருள். பேட்மிண்டனில் ஒவ்வொரு இறகுப் பந்துக்கும் வாத்து இறகு 16 வேண்டும், ஒரே ஆட்டத்தில் பல பந்து போகும். பழகும் வரை நைலான் பந்து போதும். டென்னிஸ் பந்து உள்ளழுத்தம் இறங்கியதும் வீண். ரப்பரும் மேலுறையும் ஒட்டியிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பிள்ளைகளின் காலணி தேய்வதற்குள் கால் வளர்ந்துவிடும். சேர்க்கிற இடத்தில் அளவு எழுதிய ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். சிறிதாகிப் போனதைப் போட்டுவிட்டு, பொருந்துவதை எடுத்துக்கொள்ளட்டும். போடும் முன் உள்ளட்டையைக் கழற்றிக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து ஒருவருக்கும் உதவாது.