கணினி கேள்வி–பதில்: மூன்று முறை கேட்டும் பதில் இல்லையே!

கேள்வி: சொந்தமாகப் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைக் கற்றுவருகிறேன். புரோகிராமர்கள் இருக்கும் டெலிகிராம் குழுவில், பைத்தானில் தகவல்களை அலச உதவும் பாண்டாஸ் தொகுப்பைப் பற்றி “பாண்டாஸ் வேலை செய்யவில்லை, அவசரம்” என்று ஸ்கிரீன்ஷாட்டோடு மூன்று முறை போட்டேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. புதியவன் என்பதாலா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அதனால் இல்லை. பதில் சொல்ல நினைப்பவருக்குப் பிடிப்பதற்கு உங்கள் கேள்வியில் ஒரு நுனிகூட இல்லை. இன்ஸ்டால் ஆகவில்லையா, புரோகிராமுக்குள் அழைத்தால் வரவில்லையா (இம்போர்ட்), பாதியில் நின்றதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இப்படிக் கேட்டுப் பாருங்கள் (உபுண்டு ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிப் என்பது பைத்தான் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யும் கருவி): “உபுண்டு 22.04. அதோடு வந்த பைத்தான் 3.10 தவிர 3.12-ஐயும் போட்டிருக்கிறேன். பிப் மூலம் பாண்டாஸ் இன்ஸ்டால் ஆனது. 3.12-இல் ஓட்டினால் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’ வருகிறது.” விவரம் தெரிந்தவருக்குப் பார்த்ததுமே சந்தேகம் தட்டும்: பிப் கொண்டுபோய்ச் சேர்த்தது 3.10-இல், நீங்கள் ஓட்டுவது 3.12. “3.12 வழியாகவே பிப்பை ஓட்டுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பல சமயம் இப்படி எழுதும்போதே விடை நமக்கே தட்டுப்பட்டுவிடும்.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பைத்தானில் பிழையின் பெயர் டிரேஸ்பேக்கின், அதாவது பிழை வந்ததும் திரையில் வரும் விவரத்தின், கடைசி வரியில் இருக்கும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது அதற்கு மேலே. படம் பிடிக்கும்போது இதில் ஏதாவது ஒன்று வெட்டுப்பட்டுப்போகும். முழுதாக இருந்தாலும் காப்பி செய்து தேட முடியாது. எல்லாவற்றையும் எழுத்தாகவே ஒட்டுங்கள்.

புரோகிராம் கோட் (code) முழுவதையும் அப்படியே கொட்டாதீர்கள். ஒவ்வொரு பகுதியாக நீக்கி ஓட்டிப் பாருங்கள். அதே பிழை வந்துகொண்டிருக்கும் வரை வெட்டிக்கொண்டே போகலாம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிதான் மிஞ்சும். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (ஓர் இணையச் சேவையைப் புரோகிராம் வழியே பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) இருந்தால் எடுத்துவிடுங்கள். தவறிப்போய்ப் போட்டுவிட்டால் பதிவை அழித்துப் பயனில்லை, கீயையே மாற்றியாக வேண்டும். ஆபீஸ் கோடும் வாடிக்கையாளர் விவரமும் அறவே கூடாது. அதே வடிவில் பொய்த் தகவல் நாலு வரி போட்டுக் கேளுங்கள்.

‘அவசரம்’ உங்களுக்குத்தான், சம்பளம் வாங்காமல் பதில் சொல்பவருக்கு அல்ல.

கேள்வி: ஆங்கிலக் குழுக்களில் காலை 10 மணிக்குக் கேட்டால் மாலைவரை சத்தமே இல்லை. வேறு இடத்திலும் கேட்கலாமா?
– வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: நமக்குக் காலை 10 என்றால் நியூயார்க்கில் நள்ளிரவை ஒட்டிய நேரம், லண்டனில் விடிகாலை. இரவு 7 மணிக்குப் போடுங்கள். அப்போது லண்டனில் மதியம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை. ஒரு நாளாவது பொறுங்கள். பிறகு வேறு இடத்தில் கேட்கலாம், ஆனால் முதல் கேள்வியின் லிங்க்கையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே தீர்ந்த சிக்கலுக்கு இன்னொருவர் அரை மணி நேரம் மண்டையை உடைப்பார். தீர்ந்ததும் எதனால் தீர்ந்தது என்று இரண்டு இடத்திலும் எழுதுங்கள்.

பதில் சொன்னவரின் இன்பாக்ஸுக்குப் போய்த் தொடர்ந்து கேட்பது மட்டும் வேண்டாம். அங்கே அவர் தப்பாகச் சொன்னாலும் திருத்த ஆள் இருக்காது.