கூட்டிய இலை எங்கே போகிறது?

டோக்கியோவில் உள்ள மெய்ஜி ஜிங்கு என்னும் ஷின்டோ (ஜப்பானியரின் மரபுச் சமயம்) கோயிலையும் அதன் தோட்டத்தையும் வழிகாட்டி ஒருவருடன் நடந்து பார்த்தது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தலைநகரின் நடுவே காடு என்று எழுதியிருந்தீர்கள். பழைய காட்டின் மிச்சமா அது?
– உயர்தர மாணவன், களுவாஞ்சிகுடி

இல்லை தம்பி, முழுக்க மனிதர் நட்டது. பேரரசர் மெய்ஜி 1912இலும் அவருடைய துணைவி ஷோகென் 1914இலும் காலமானார்கள். அவர்களுக்காக 1920இல் எழுந்த கோயில் இது. அதற்கு முன் அந்த நிலத்தின் பெரும்பகுதி புல்லும் வயலும் சதுப்புமாகக் கிடந்தது. ஏறத்தாழ 70 ஹெக்டேயர். நாடெங்குமிருந்து மக்கள் கொடுத்த மரங்கள் மட்டும் சுமார் ஒரு இலட்சம். அவற்றை நட ஊர் ஊராக இளைஞர்கள் வந்து உழைத்தார்கள்.

தாவரவியல் படிப்பித்தவள் என்பதால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது திட்டம் போட்ட விதம்தான். ஹொண்டா செய்ரொகு, ஹொங்கோ தகநோரி, உஎஹரா கெய்ஜி என்ற மூன்று வனவியலாளர்கள் அதை வகுத்தார்கள். அன்றைய பிரதமர் ஒகுமா ஷிகெநொபுவோ, நிக்கோ என்ற கோயில் நகரில் நிற்பவை போன்ற நெடிய ஊசியிலை மரங்கள்தான் கோயிலுக்குக் கம்பீரம் என்றார். டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் அவை செழிக்காது என்று இவர்கள் காரணம் காட்டினார்கள். பிரதமர் சொல்கிறார் என்பதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மண்ணுக்கு உரியவை கருவாலி, கற்பூர மரம் போன்ற என்றும் பசுமையான அகன்ற இலை மரங்கள். ஆகவே உயரமான பைன் மரங்களை முதலில் நிறுத்தினார்கள். அவற்றின்கீழ் வேறு ஊசியிலை மரங்கள், அதற்கும் கீழே கருவாலி, கற்பூரக் கன்றுகள். மேலே நிற்பவை மூத்து விழ விழ, கீழே காத்திருந்தவை எழுந்து இடத்தைப் பிடிக்கும். பிறகு விதை தானே விழுந்து தானே முளைக்கும். நடுவதற்கு ஆள் தேவையில்லை. ஒன்றரை நூற்றாண்டில் நடக்கும் என்று அவர்கள் கணித்தது அதற்கு முன்பே நடந்துவிட்டது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் படிப்பித்த பாடம் அங்கே என் தலைக்கு மேல் நிழலாக நின்றது.

1945இல் விமானக் குண்டுவீச்சில் கோயில் எரிந்தது. காடு தப்பியது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1958இல் மீண்டும் எழுப்பப்பட்டது.

பிற மதத்தவர் உள்ளே போகலாமா? எப்படி வணங்குகிறார்கள்? விக்கிரகம் உண்டா?
– ஒரு வாசகி, திருக்கோவில்

யாரும் போகலாம். தொரி எனப்படும் மர வாயிலின் முன் தலை வணங்கி, பாதையின் ஓரமாக நடக்கச் சொன்னார் வழிகாட்டி. நடுப்பாதை தெய்வத்துக்கு உரியதாம். அங்குள்ள பெரிய வாயில் 12 மீற்றர் உயரம். பழையதை மின்னல் தாக்கிய பின், தைவானிலிருந்து கொண்டுவந்த முதுமரத்தால் 1975இல் மீண்டும் அமைத்திருக்கிறார்கள். கொஞ்சத் தூரத்தில் தண்ணீர்த்தொட்டி. முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு வாய் என்று கழுவ வேண்டும். சந்நிதியில் காணிக்கை போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். சந்நிதி மண்டபத்தின் முன் படம் பிடிக்கக் கூடாது.

கண்ணால் பார்க்கத்தக்க உருவம் எதுவும் இல்லை. திரைக்குப் பின்னால் நடக்கும் பூசையைக் கண்டு வளர்ந்த மண்டூர்க்காரருக்கும், வைகாசியில் மட்டும் கதவு திறக்கும் கண்ணகை அம்மனைக் கும்பிடுபவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்குத் தனியாக 500 யென் வாங்குகிறார்கள் என்கிறீர்கள். அத்தனை பெறுமதியா?
– ஆசிரியர் ஒருவர், அக்கரைப்பற்று

ஆனி மாதம் என்றால் கட்டாயம் கொடுங்கள். துணைவிக்காகப் பேரரசர் அமைப்பித்த ஐரிஸ் பூப்பாத்தி அப்போதுதான் பூக்கும். சுமார் 150 வகைகள் இருக்கின்றன. வெள்ளையிலிருந்து கருநீலம் வரை எல்லா நிறமும் கண்டேன். இரு கரையிலும் மரம் அடர்ந்த பள்ளத்தில், நம் வயல் வரவை போலவே பாத்தி வளைந்து வளைந்து இறங்குகிறது. அதன் தலைமாட்டில் ஒரு கிணறு. கதோ கியோமசா என்ற பழைய படைத்தலைவர் தோண்டியது என்பது வழக்கு. அதில் ஊறும் நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ 15 பாகை குளிர்ச்சியில் இருக்கிறது. நாங்கள் போன அன்று தூறல். கிணற்றைப் பார்க்கக் குடைகளோடு வரிசை நின்றது. எனக்குக் கிணற்றைவிட அதன் போக்குத்தான் பெரிதாகப் பட்டது: நீர் கிணற்றிலிருந்து பூப்பாத்திக்கு இறங்கி, பாத்தியை நனைத்து, கீழே குளத்தில் சேர்கிறது. இறைப்பு இயந்திரம் எதையும் நான் காணவில்லை. மேலே காடு இருப்பதால் கீழே ஊற்று இருக்கிறது. கிணற்றுக்கட்டில் நின்று இதைத்தான் என் மகளிடம் சொன்னேன்.

வழிகாட்டி அவசியமா?
– ஒரு வாசகர், ஆரையம்பதி

வழி தவறுவதற்கு அங்கே இடமில்லை. ஆனால் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே! அடுத்த கடிதத்துக்கான பதிலும் எனக்கு அவரிடமிருந்து கிடைத்ததுதான்.

1978 சூறாவளிக்குப் பிறகு பெரியவர்கள் நட்ட இலுப்பையும் வேம்பும் எங்கள் கோயில் வளவில் நிற்கின்றன. இலைக்குப்பை என்று அவற்றைத் தறித்து, முற்றம் முழுவதும் சீமெந்துக்கல் பதிக்க யோசிக்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகர், படுவான்கரை

தறிக்க விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மெய்ஜி ஜிங்குவின் சரளைப் பாதையை அகன்ற விளக்குமாறுகளால் நாள்தோறும் கூட்டுகிறார்கள். ‘இந்த இலையெல்லாம் எங்கே போகிறது?’ என்று கேட்டேன். ‘காட்டுக்கே’ என்றார் வழிகாட்டி. எரிப்பதில்லை, லொறியில் ஏற்றுவதில்லை. பாதையில் விழுந்ததை மரத்தடியில் சேர்க்கிறார்கள். அது மக்கி மண்ணாகி மரத்துக்கே உணவாகிறது. வெளியே ஓர் இலையைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது தொடக்கத்திலேயே போட்ட விதி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் இதைச் சொல்லுங்கள். இலை விழும் வீதியை மட்டும் கூட்டி, மதிலோரம் ஒரு கிடங்கு வெட்டிச் சேர்த்தால் போதும். கோயில் பூமரங்களுக்குப் பசளை வாங்க வேண்டியிருக்காது.

கல் பதிக்கும் யோசனைதான் எனக்கு இன்னும் கவலை. மணல் முற்றம் மாரி மழையைக் குடித்துத் தீர்த்தக்கிணற்றுக்குக் கொடுக்கிறது. மூடிவிட்டால் அந்த நீர் தெருவுக்கு ஓடும். ஆடித் திருவிழாவில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நிற்பவர்களையும், அங்கப்பிரதட்சணம் செய்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். கொக்கட்டி மரத்தின் பெயரால் கொக்கட்டிச்சோலையும், தில்லை மரத்தோடு சேர்த்துப் பேசப்படும் மண்டூரும் விளங்கும் படுவான்கரையில் மரத்தைக் குப்பை என்பது எனக்குத் தாங்கவில்லை.

முதிர்ந்து பட்டுப்போன மரம் இருந்தால் அதை மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே ஐப்பசி மழையோடு கன்று வையுங்கள். வாவிக்கரையாக இருந்தால் மருது, மணல் மேடாக இருந்தால் புன்னை, பூவரசு. அழகுக்காக வெளிநாட்டுப் பனை வகைகளை வாங்கி நட வேண்டாம். சபைக் கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள். பஸ் ஏறி வருகிறேன். அவர்களிடம் நானே பேசுகிறேன்.