அம்மா சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்: பிடிவாதமா, நோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று 2 வருடங்களுக்கு முன் சொன்னார்கள். மறதியைக்கூடச் சமாளித்துவிடுகிறோம். ஆனால் இப்போது எதிலுமே நாட்டம் இல்லை. டிவியை அணைத்தால், அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்கிறார். பேசிக்கொண்டே முழம் முழமாகப் பூ கட்டியவர், இப்போது பூக்கூடையை எதிரில் வைத்தாலும் தொடுவதில்லை. "எல்லாம் பிடிவாதம்" என்கிறான் அண்ணன். மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் சரியாகுமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: பிடிவாதம் இல்லை, சோம்பலும் இல்லை. ஒரு வேலையைத் தொடங்கவைக்கும் உந்துதல், மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த உட்பகுதிகளும் சேர்ந்து தருவது. அல்சைமர் அந்த இணைப்புகளையும் அரித்துவிடுகிறது. இப்படி எதிலும் நாட்டம் இல்லாமல் போவதை மருத்துவர்கள் 'அபதி' (apathy) என்பார்கள். அல்சைமர் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இதைப் பார்க்கலாம். கத்துவது, வீட்டை விட்டுக் கிளம்பிப் போவது என்றால் உடனே மருத்துவரிடம் அழைத்து வருவார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவரை யார் அழைத்து வருகிறார்கள்?

மனச்சோர்வு வேறு. அதில் வருத்தம் இருக்கும். அழுகை, "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேனே" என்ற புலம்பல் இருக்கும். அபதியில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பேரன் வந்தாலும் போனாலும் ஒரே முகம். "என்னம்மா ஆச்சு?" என்றால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று பதில் வரும். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால், எது என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இந்த மந்தத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்த மாற்றம் ஓரிரு நாளில் திடீரென வந்திருந்தால், அது அபதி அல்ல. சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மெல்ல மெல்ல வந்திருந்தாலும் தைராய்டு, பி12, காது, கண்புரை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

மருந்து? மறதிக்குத் தரும் டோனெபெசில் சிலருக்குக் கொஞ்சம் உதவும். மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை 200 பேரிடம் 6 மாதம் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. பலன் இருந்தது, ஆனால் சுமார்தான். எடை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே தர வேண்டிய மருந்து அது.

என் அனுபவத்தில் வீட்டில் செய்வதற்குத்தான் பலன் அதிகம். "பூ கட்டலாமாம்மா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் முடிவெடுக்க வேண்டும். அதுதானே அவரால் முடியவில்லை? பக்கத்தில் உட்காருங்கள். நாரை நனைத்து முதல் இரண்டு கண்ணியை நீங்களே கட்டி, அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பூவை நீட்டுங்கள். விரல்களுக்கு அந்த முடிச்சு இன்னும் ஞாபகம் இருக்கலாம். முடிச்சு தளர்ந்து பூ உதிர்ந்தால் உதிரட்டும், திருத்த வேண்டாம். 15, 20 நிமிடம் போதும். தினமும் ஒரே நேரத்தில், அவர் களைக்காத காலை வேளையில் செய்தால் நல்லது.

குளியலும் அப்படித்தான். "குளிங்க" என்ற ஒரு சொல்லுக்குள் பத்து வேலை இருக்கிறது. துண்டைத் தோளில் போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய், வெந்நீரைக் காலில் கொஞ்சம் ஊற்றி, சொம்பைக் கையில் கொடுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள்.

அப்புறம், அந்தக் காலை வேளையை ஒரு வாரத்துக்கு அண்ணனிடம் ஒப்படைத்துப் பாருங்கள்.